வரியின் விகிதமும் செல்வத்தின் இருப்பிடமும்

1857-இன் பெருங்கிளர்ச்சியை அடக்கிய செலவினால் வற்றிப்போன பொக்கிஷத்தை நிரப்பும் பொருட்டு, கல்கத்தாவில் நிதி அங்கத்தினராக இருந்த ஜேம்ஸ் வில்ஸன் என்பவர், இந்தத் தேசத்து ஜனங்கள் அதுவரை கண்டறியாத வருமான வரி என்ற ஒன்றை 1860-ஆம் ஆண்டில் விதிக்க முற்பட்டபோது, அதைப் பகிரங்கமாக எதிர்த்து நின்றவர் சென்னை ராஜதானியின் கவர்னர் ஸர் சார்லஸ் டிரெவிலியன். சர்க்காரின் செலவைக் குறைத்தாலே போதும், புதிய வரி வேண்டுவதில்லை என்பது அவருடைய கட்சி. அந்த அபிப்பிராயத்தை எழுதிய குறிப்பை மேலிடத்தின் அனுமதி பெறாமலே பத்திரிகையில் வெளியிட்டுவிட்டதனால் லண்டனிலிருந்து அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் உத்தரவு வந்தது. கவர்னர் பதவி போயிற்று. வில்ஸனும் சட்டம் பிறந்த சில வாரங்களுக்குள், அந்த ஆகஸ்டு மாதத்திலேயே, கல்கத்தாவில் காலமானார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு விலக்கு, 200 முதல் 500 வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் நூற்றுக்கு 4 என்ற அந்த வரி ஐந்தாண்டுக் காலம் நடந்தது. 1863-இல் நிதி அங்கத்தினராகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்த டிரெவிலியனின் காலத்தில், 1865-இல், அது கைவிடப்பட்டது. பின்பு 1886-இல் நிலையான சட்டமாக மறுபடி வந்தது. 1922-லும் 1961-லும் உருமாறிற்று. 2025-இல் 536 பிரிவுகளோடு மீண்டும் ஒருமுறை புதிதாக எழுதப்பட்டது.

உடையவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று அன்று தொடங்கிய விவகாரம் இன்றும் தீர்ந்தபாடில்லை. இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவிகிதத்தையும் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவிகிதத்தையும் 2022-23-இல் மேல்தட்டிலுள்ள நூற்றில் ஒருவரே வைத்திருந்தார்கள் என்று பொருளாதார நிபுணர் தாமஸ் பிக்கெட்டியும் அவருடைய சகாக்களும் 2024-இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அந்தக் கணக்கின் முறையை ஆட்சேபிக்கிற பொருளாதார அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனாலும், ஏற்றத்தாழ்வு மிகுந்து வருகிறது என்பது நம் நகரங்களில் கண்ணைத் திறந்து நடக்கிற எவருக்கும் பிரத்தியட்சம். தனவந்தர்மீது வரியை உயர்த்து என்ற குரல் இடதுசாரிகளிடமிருந்து மட்டும் எழுவதன்று. 2020 ஏப்ரலில், கொள்ளைநோயினால் தேசம் ஸ்தம்பித்துக் கிடந்த சமயத்தில், வருமான வரித் துறையின் இளம் அதிகாரிகள் சுமார் 50 பேர் சேர்ந்து, கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு 40 சதவிகிதம் வரி விதிக்கலாம், அல்லது 5 கோடிக்கு மேற்பட்ட சொத்துக்குச் செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று யோசனை எழுதினார்கள். அது வெளிவந்தவுடன், அனுமதியற்ற அறிக்கை என்று சர்க்கார் ஒதுக்கிவிட்டதோடு, மூத்த அதிகாரிகள் மூவர்மீது நடவடிக்கையும் எடுத்தது.

உடையவர்கள் இன்று கொடுப்பதைக் காட்டிலும் அதிகமாகக் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வருமான வரி அட்டவணையின் கடைசி வரியில் இருக்கும் எண்ணை உயர்த்திவிட்டால் அந்தக் காரியம் கைகூடிவிடும் என்ற நம்பிக்கையை, சென்ற எழுபதாண்டு அனுபவம் கண்டித்துச் சொல்லுகிறது. அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே பார்ப்பது அவசியம். ஏனெனில் இந்தியா இந்தப் பரீட்சையை மிகத் தீவிரமாகச் செய்து பார்த்த நாடு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பொருளாதார நிபுணர் நிக்கலஸ் கால்டார் 1956-இல் இங்கே வந்து தங்கி, இந்திய வரி அமைப்பைப் பரிசீலித்து ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் இன்றைக்கும் புதிதாகவே இருக்கிறது. காகிதத்தில் மிக உயர்ந்த விகிதத்தை எழுதிவைத்துவிட்டு, செல்வம் பெருகுகிற வழிகளில் பெரும்பாலானவற்றை வருமானம் என்ற கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிற அமைப்பு நியாயமும் ஆகாது, பலனும் தராது என்று கண்ட அவர், வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவிகிதத்துக்கு இறக்கிவிட்டு, அதற்கு ஈடாக மூலதன ஆதாயம், சொத்து, தனிப்பட்ட செலவு, தானம் ஆகிய நான்கையும் வரிக்குள் கொண்டுவரும்படி சொன்னார். ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படியாக அவர் வகுத்த ஏற்பாடு அது. சொத்தின் கணக்கு வருமானத்தைக் காட்டிக்கொடுக்கும். செலவின் கணக்கு சொத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அப்போது நிதி மந்திரியாக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கூர்மையான புத்தியும் துணிச்சலும் உடையவர். மூலதன ஆதாய வரி, 1947-இல் லியாகத் அலி கானின் பட்ஜெட்டில் முதன்முதலாக வந்து, ஜான் மத்தாயினால் 1949-இல் நீக்கப்பட்டிருந்தது. அதை 1956-இல் மீட்டுக் கொண்டுவந்தார். 1957-இல் செல்வ வரியும் செலவு வரியும் அவருடைய பட்ஜெட்டில் பிறந்தன. அடுத்த ஆண்டு, அவர் பதவி விலகிய பிற்பாடு, நேருஜியே சமர்ப்பித்த பட்ஜெட்டில் நன்கொடை வரி வந்தது. ஆனால் கால்டார் கேட்டவற்றில் எளிதானதை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். புதிய வரிகள் வந்தன. பழைய விகிதமோ 45-க்கு இறங்கவில்லை. புதிய வரிகளிலும், விலக்குகள் ஒவ்வொன்றாக நுழைந்து உள்ளீட்டை அரித்துவிட்டன. செலவு வரி 1962-இல் போயிற்று, 1964-இல் கிருஷ்ணமாச்சாரியே திரும்பக் கொண்டுவந்தார், 1966-இல் அடியோடு மறைந்தது. இத்தகைய வரிச்சுமை முயற்சியையும் சேமிப்பையும் கருக்கிவிடும் என்று ராஜாஜியும் அவர் 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியும் இடைவிடாமல் எச்சரித்து வந்தார்கள். அவர்களுடைய சித்தாந்தம் முழுவதையும் நான் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும், அந்த எச்சரிக்கையில் ஒரு பாதி பலித்துவிட்டது என்பதை மறுக்க இயலாது.

ஏனென்றால், 1970-களின் தொடக்கத்தில் 2 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்தின்மீது 85 சதவிகித வரியும், அவ்வரியின்மீது 15 சதவிகிதம் சர்சார்ஜ் என்னும் மேல்வரியும் சேர்ந்து, 97.75 சதவிகிதம் என்ற சிகரத்தை நாம் எட்டினோம். சம்பாதித்த கடைசி ரூபாயில் இரண்டேகால் பைசா மிஞ்சும். செல்வ வரியையும் சேர்த்துக்கொண்டால் சிலருக்கு வரி வருமானத்தையே விஞ்சிவிடும். இவ்வளவு கடுமையான வரி நிலவிய காலத்தில் தனவந்தர் ஏழைகளாகிவிட்டார்களா என்றால், இல்லை. கணக்கில் வராத பணம் பெருகிற்று; நிலத்தின் கிரயப் பத்திரத்தில் ஒரு விலையும் கைமாறிய ரொக்கத்தில் வேறொரு விலையும் இருப்பது நாட்டு வழக்கமாகிவிட்டது. முன்னாள் பிரதம நீதிபதி வாஞ்சூ தலைமையில் அமைந்த கமிட்டி 1971 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில், வரி ஏய்ப்புக்கான காரணங்களில் இந்த உயர்ந்த விகிதத்தையே முதலில் வைத்து, அதை 75-க்கு இறக்கச் சொன்னது. 1974-இல் 77 ஆயிற்று. பொள்ளாச்சிச் சீமையில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1976-இல் 66-க்குக் கொண்டுவந்தார். 1985-இல் வி. பி. சிங் 50 ஆக்கினார். ராஜா செல்லையா கமிட்டி காட்டிய பாதையில் 1990-களில் மேலும் இறங்கி, 1997-இல் ப. சிதம்பரத்தின் பட்ஜெட்டில் 30 ஆயிற்று. இறங்கிய விகிதத்தினால் வசூல் வற்றிப்போகவில்லை. இன்று தனிநபர் வருமான வரியின் வசூல் கம்பெனி வரியின் வசூலையே தாண்டி நிற்கிறது.

விகிதம் இறங்கியது சரியே என்று இவ்வளவு தூரம் ஒப்புக்கொள்ளுகிறவன், பின் எதைக் குறை சொல்லுகிறேன்? கால்டார் ஒரு பேரத்தை முன்வைத்தார் அல்லவா: விகிதம் குறையட்டும், ஆனால் செல்வம் எந்த உருவத்தில் பெருகினாலும் அது வரிக்குள் வரட்டும். 1957-இல் பேரத்தின் முதல் பாதியை விட்டோம். 1985-க்குப் பிறகு முதல் பாதியை நிறைவேற்றிக்கொண்டு, இரண்டாம் பாதியைக் குழிதோண்டிப் புதைத்தோம்.

எஸ்டேட் வரி என்று வழங்கிய மரணச் சொத்து வரி 1953-இல் வந்தது. பெரிய ஆஸ்திகளுக்கு அதன் விகிதம் 85 வரை ஏறிற்று. ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் கிடைக்கிறது, நிர்வாகச் செலவு அதிகம், ஒரே ஆஸ்தியின்மீது செல்வ வரி ஒன்றும் எஸ்டேட் வரி ஒன்றுமாக இரண்டு சட்டங்கள் இருப்பது ஜனங்களுக்கு வீண் தொல்லை என்று காரணம் சொல்லி 1985-இல் அதை எடுத்தார்கள். செல்வ வரியிலிருந்து பங்குகள் முதலிய முதலீடுகளை 1993 முதல் விலக்கிவிட்டு, வீடு, நகை, மோட்டார் கார், வெற்று நிலம் ஆகியவற்றை மட்டும் மிச்சம் வைத்தார்கள். பெருஞ்செல்வத்தின் உடம்பை வெளியே விட்டுவிட்டு நிழலுக்கு வரி கேட்ட அந்தச் சட்டம் 2013-14-இல் 1,008 கோடி மட்டுமே ஈட்டியதில் வியப்பில்லை. அந்தச் சொற்ப வசூலையே காரணமாகக் காட்டி அருண் ஜேட்லி 2015-இல் அதையும் நீக்கினார். ஒரு வரி இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஒன்றை எடுத்து, முப்பதாண்டு கழித்து மற்றதையும் எடுத்துவிட்டபடியால், வாரிசுக்கும் சொத்துக்கும் இந்த நாட்டில் மத்திய சர்க்காரின் வரி எதுவுமே இல்லை. நடுவில், பங்குச் சந்தையில் நெடுங்கால முதலீட்டின் ஆதாயத்துக்கு 2004 முதல் 2018 வரை வரி அறவே கிடையாது என்று இருந்த பதினான்கு ஆண்டுகளையும், இந்தத் தேசத்தின் பெரும் ஐசுவரியங்களில் பல அந்த ஆண்டுகளிலேயே பன்மடங்காயின என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவற்றின் பலனை ஒரு கணக்கினால் பார்க்கலாம். சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற, கழிவுகள் போக 30 லட்ச ரூபாய் வருமானமுள்ள ஒருவர், 2025-26-இன் புதிய முறை விகிதங்களின்படி 4,80,000 ரூபாய் வரியும் அதன்மீது 4 சதவிகிதம் செஸ்ஸும் சேர்த்து 4,99,200 ரூபாய் கட்டுகிறார். அதாவது மொத்த வருமானத்தில் 16.64 சதவிகிதம். அந்தக் கம்பெனியின் பங்குகளைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, அதே ஆண்டில் விற்று, 30 கோடி ரூபாய் ஆதாயம் பெற்ற இன்னொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்கால மூலதன ஆதாயத்துக்கு விகிதம் 12.5. கோடீசுவரருக்கு விதிக்கப்படும் மேல்வரி, இந்த ஆதாயத்தைப் பொறுத்தமட்டில் 15-க்கு மேற்படலாகாது என்று சட்டமே உச்சவரம்பு கட்டியிருக்கிறது. செஸ்ஸையும் சேர்த்தால் 14.95 சதவிகிதம். நூறு மடங்கு பெற்றவருக்கு, உழைத்துச் சம்பாதித்தவரைவிட விகிதம் குறைவு. மாதந்தோறும் கையில் வருமுன்பே பிடித்தம் செய்யப்பட்டுவிடுகிற சம்பளக்காரருக்கு ஒளிக்கவும் வழியில்லை, ஒத்திப்போடவும் வழியில்லை. பங்குக்காரரோ எந்த வருஷம் விற்பது, விற்பதா வேண்டாமா என்பதையெல்லாம் தம் சௌகரியம்போல் தீர்மானித்துக்கொள்ளலாம். இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் பொறுக்கவில்லை. உச்ச விகிதத்தை 30-லிருந்து 40 ஆக்கினால் இந்த இருவரில் யார்மேல் அது விழும்? வரம்பு இறங்க இறங்கச் சம்பளக்காரரைத்தான் நெருங்கும். பங்குக்காரரை அது தொடவே தொடாது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களில் கனமானவை இரண்டு. கம்பெனி தன் லாபத்துக்கு ஏற்கெனவே வரி கட்டிவிட்டபடியால், பங்குக்காரரிடம் மறுபடி வாங்குவது இரட்டை வரி என்பது ஒன்று. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2019 செப்டம்பரில் ஒரே நாளில் அந்தக் கம்பெனி வரியை 30-லிருந்து 22 ஆகக் குறைத்து, ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாயை சர்க்கார் விட்டுக்கொடுத்ததே, அந்த லாபம் யாருடைய பங்கின் விலையில் ஏறிற்று? மேலும், நெடுஞ்சாலை ஒன்று வரப்போவதால் பத்து மடங்கு விலை ஏறிய வெற்று மனைக்கு எந்தக் கம்பெனியும் வரி கட்டவில்லை. அதற்கும் இதே சலுகை விகிதம் கிடைக்கிறதற்கு என்ன நியாயம்? இரண்டாவது சமாதானம், ஆதாயத்தில் ஒரு பகுதி வெறும் விலைவாசி உயர்வே என்பது. அதுவும் சரியே. விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையைத் திருத்திக்கொண்டு, எஞ்சிய மெய்யான ஆதாயத்தை மற்ற வருமானத்தோடு கூட்டி, சம்பளத்துக்குள்ள அதே விகிதத்தில் வரி போடுவது இதற்கு நேர்வழி. நாமோ 2024 ஜூலையில் குறியீட்டுத் திருத்தத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, விகிதத்தை 12.5 என்று வைத்தோம். பத்தாண்டு காத்திருந்து சிறு லாபம் பெறுகிறவருக்கு அது நஷ்டம். சடுதியில் பெரும் லாபம் பெறுகிறவருக்கு அது வெகுமதி.

சர்க்காருக்கு இந்த இடத்தில் கை வைக்கும் துணிவு ஒருமுறை வந்து, ஏழு வாரத்தில் போய்விட்டது. 2019 ஜூலை 5-ஆம் தேதி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன், 2 கோடிக்கு மேல் 25, 5 கோடிக்கு மேல் 37 சதவிகிதம் என்று மேல்வரியை உயர்த்தினார். உச்ச விகிதம் 42.74 ஆயிற்று. அந்நிய முதலீட்டாளர்கள் சந்தையிலிருந்து பணத்தை உருவத் தொடங்கியதும், ஆகஸ்டு 23-ஆம் தேதி, பங்கு ஆதாயத்துக்கு அந்த உயர்வு பொருந்தாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. மற்ற வருமானத்துக்கு அது நின்றது. பிறகு 2023-இல் புதிய முறையில் 37 என்ற மேல்வரி 25-க்கு இறங்கி, உச்ச விகிதம் 39-இல் வந்து நிற்கிறது.

வரி ஏறினால் செல்வந்தர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுவார்கள் என்ற அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நார்வே தன் செல்வ வரியை உயர்த்தியபோது சிலர் ஸ்விட்ஸர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது உண்மை. ஆயினும், வெளியேறுகிறவரிடம் அதுவரை திரண்ட ஆதாயத்துக்குக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் வரி அந்த நார்வேயிலும் பிரான்ஸிலும் இருக்கிறது. அமெரிக்கா தன் பிரஜை எங்கே வசித்தாலும் வரி கேட்கிறது. 2024 ஜூலையில் ரியோ நகரில் கூடிய ஜி-20 நிதி மந்திரிகள், மிகப் பெரிய செல்வந்தர்கள் உரிய வரியைச் செலுத்தச் செய்வதில் ஒத்துழைப்பதாகப் பிரகடனம் செய்தார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் உடையோரிடம் சொத்தில் ஆண்டுக்கு 2 சதவிகிதம் வாங்கலாம் என்று பிரெஞ்சுப் பேராசிரியர் கேப்ரியேல் ஸுக்மன் ஜி-20-க்குக் கொடுத்த யோசனை அடுத்த படியை எட்டவில்லை. எனக்கும் ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டிய செல்வ வரியில் அத்தனை நம்பிக்கை இல்லை. பட்டியலில் இல்லாத கம்பெனியின் பங்குக்கு வருஷாவருஷம் விலை கட்டுவது வழக்காடு மன்றங்களுக்கே வேலை வைக்கும்; நம்முடைய ஐம்பத்தெட்டு ஆண்டு அனுபவமும் அதற்குச் சாட்சி.

ஆகவே விற்கும்போது நியாயமான விகிதம் என்பது முதற்காரியம். ஆனால் விற்காமலே இருந்துவிடுகிறவரை என்ன செய்வது? பெரிய குடும்பங்கள் தம் கம்பெனிப் பங்குகளை விற்பதே அபூர்வம். பணம் தேவையானால் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம். கடன் வருமானம் ஆகாது. விற்றால்கூட, கிடைத்த பணத்தை ஒரு வீட்டில் போட்டுவிட்டால் வரியே இல்லை என்ற சலுகைக்கு 2023 வரை உச்சவரம்பு எதுவும் இருக்கவில்லை. நடுத்தரக் குடும்பம் ஒரு வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று பிறந்த ஷரத்தைக் கொண்டு மாளிகைகள் வாங்கப்பட்ட பிறகே 10 கோடி என்று வரம்பு கட்டினார்கள். இப்படி ஒரு தலைமுறை முழுவதும் தீண்டப்படாமல் திரண்ட ஆதாயம், மரணத்தின்போது அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அங்கே வாங்கப்படும் வரி சூனியம். ஜப்பானில் வாரிசு வரியின் உச்ச விகிதம் 55, தென் கொரியாவில் 50, பிரிட்டனில் 40. அவை கம்யூனிஸ்ட் தேசங்கள் அல்ல. தொழில் நசித்துப்போன தேசங்களும் அல்ல. தாத்தா தேடியதற்குப் பேரன் பாத்தியதை கொண்டாடுவதை நான் தடுக்கச் சொல்லவில்லை. அடையாற்றில் ஒரு வீடும், ஊரில் நாலு ஏக்கரும், மனைவியின் நகையும் வைத்துவிட்டுப் போகிறவரின் குடும்பத்தை இந்த வரி எட்டிக்கூடப் பார்க்கலாகாது. 10 கோடி, 20 கோடி என்று தாராளமான விலக்கு வரம்பு வைத்து, அதற்கு மேற்பட்டதற்கு மிதமான விகிதத்தில், தவணை முறையில் செலுத்த அவகாசமும் கொடுத்து வாங்கலாம். பழைய எஸ்டேட் வரி தோற்றது அதன் தத்துவத்தினால் அன்று. சிறு ஆஸ்திக்காரனை அலைக்கழித்துப் பெரிய ஆஸ்திக்காரனை நழுவவிட்ட அதன் அமைப்பினால். 2024 தேர்தலில் இந்தப் பேச்சு எழுந்தபோது, ஒரு கட்சி அதைப் பூச்சாண்டியாகக் காட்டியதும், மற்றது அது தன் கொள்கையே அல்ல என்று அவசரமாக விலகிக்கொண்டதும், தேசத்தின் மனச்சாட்சிக்கு முன் வைக்க வேண்டிய ஒரு விஷயம் விவாதிக்கப்படாமலே புதைந்துபோனதும் எனக்கு மிகுந்த வருத்தம்.

விவசாய வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1860-இல் வரிக்கு உட்பட்டிருந்த அது 1886-இல் விலக்கப்பட்டது, அரசியல் சாசனம் அதை ராஜ்யங்களின் பட்டியலில் வைத்தது, விவசாயத்துக்கும் வரி போடலாம் என்று 1972-இல் கே. என். ராஜ் கமிட்டி சொன்ன யோசனை ஏட்டோடு நின்றது. உழுகிறவனைத் தொட வேண்டியதில்லை. பெரும் பண்ணைகளின் கணக்கில் வேறு வருமானத்தை ஒளித்து வைக்கும் வழியையாவது அடைக்கலாம்.

வரி உயர்ந்தால் அந்தப் பணம் யாருக்குப் போகும் என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். தனவந்தரிடம் அதிகம் வாங்குவதாக மத்திய சர்க்கார் எப்போது அறிவித்தாலும், அது பெரும்பாலும் மேல்வரியாகவே இருப்பதன் இரகசியம் அரசியல் சாசனத்தின் 270, 271-ஆவது ஷரத்துகளில் இருக்கிறது. வருமான வரியில் ராஜ்யங்களுக்குப் பங்கு உண்டு. பதினைந்தாவது நிதிக் கமிஷன் அதை 41 சதவிகிதம் என்று வகுத்தது. மேல்வரியிலும் செஸ்ஸிலும் ஒரு காசு பங்கு இல்லை. ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் நடத்துகிறவை ராஜ்யங்கள். ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காகவே வாங்கப்படுவதாகச் சொல்லும் பணம் அந்தக் காரியங்களைச் செய்கிறவர்களிடம் வந்து சேராதபடி வழி வகுத்திருக்கிறது. சென்னையில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதை ஆட்சேபித்தே வந்திருக்கிறது. ஆனால் விவசாய நிலம் அல்லாத சொத்தின்மீது விதித்த பழைய எஸ்டேட் வரி இதற்கு நேர்மாறாக இருந்தது: வசூலிப்பது மத்திய சர்க்கார், வசூல் சேர்வது ராஜ்யங்களுக்கு என்று 269-ஆவது ஷரத்து விதித்திருந்தது. 2000-ஆம் ஆண்டின் எண்பதாவது திருத்தத்தோடு அந்த வாசகம் போய்விட்டது. மத்தியப் பட்டியலில் எஸ்டேட் வரி விதிக்கும் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மறுபடி உபயோகிக்கும் நாள் வருமாயின், வரி மசோதாவோடு கூடவே பழைய ஏற்பாட்டை மீட்கும் திருத்தமும் வரவேண்டும் என்று தமிழகச் சட்டசபையும் ஏனைய ராஜ்யங்களின் சட்டசபைகளும் இப்போதே தீர்மானம் செய்து அனுப்புவது உசிதம்.